பஞ்சாரத்துக்குள் ஒரு நோயாளி

புறக்கடையில் ஐந்தாறு நாட்டுக்கோழிகளை வளர்க்கும் வீட்டில் ஒரு பெட்டைக்கு அடிபட்டுவிட்டால், கடித்துக் குதறிய நாயையோ கீரியையோ விட, அடுத்த ஒரு மணி நேரத்தில் அதைச் சூழ்ந்துகொள்ளும் அதன் சொந்தக் கூட்டமே பல வேளைகளில் பெரிய ஆபத்தாகிறது. சிவப்பு நிறம் கோழியின் கண்ணைச் சட்டென்று இழுப்பதால், ரத்தம் கசியும் இடத்தை ஒன்று கொத்திப் பார்க்க, மற்றவையும் சேர்ந்துகொள்ள, சேவல் மிதிக்கும்போது முதுகில் நகம் பட்டு உண்டான சிறு கீறல்கூட மாலைக்குள் உள்ளங்கை அகலப் புண்ணாகிவிடும்.

இதைக் கோழியின் கொடூரம் என்று கொள்வதைவிட, அதன் சமூக ஒழுங்கின் விளைவு என்று கொள்வதே பொருந்தும். நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே, சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து கவனித்து, 1922-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வில், எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் முன்பே தீர்மானமாகியிருக்கிறது என்று காட்டினார். ‘கொத்து வரிசை’ எனத் தமிழில் சொல்லத்தக்க இந்த ஏற்பாட்டில், அடிபட்டுச் சோர்ந்த கோழி தன் படியைக் காத்துக்கொள்ள முடியாமல் கீழே சரிகிறது. கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் கொண்டை, தலை, கழுத்து ஆகியவற்றின் தோற்றத்தைக் கொண்டே அடையாளம் காண்பதால், கொண்டை கிழிந்து முகம் மாறிய கோழி, கூட்டத்தின் கண்ணுக்கு அயல் கோழியாகவும் தெரியக்கூடும்.

ஆகவே அதைப் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் பல நாள் கண்ணில் படாமல் போன கோழியை மற்றவை புதிதாய் வந்ததாகவே நடத்தும் என்பதால், முற்றிலும் மறைத்துவிடவும் கூடாது. அலகுக்கு எட்டாமலும் கண்ணுக்கு எட்டியும் இருக்க வேண்டிய இந்த இக்கட்டுக்கு, மூங்கில் சிம்பால் இடைவெளி விட்டுப் பின்னிய பஞ்சாரம் மிகப் பொருத்தமான விடை. குஞ்சுகளைப் பருந்துக்குத் தப்புவிக்க ஏற்பட்ட இந்தக் கூடையை நிழலான இடத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால், உள்ளே இருப்பது வெளியே மேய்பவற்றைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் சாக்கைப் போர்த்தி இருட்டாக்குவது நல்லது. அதிர்ச்சியிலிருக்கும் கோழிக்கு இருட்டும் கதகதப்புமே முதல் மருந்து.

ஒன்றரைக் கிலோ கோழியின் உடலில் உள்ள மொத்த ரத்தம் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவு என்பதால், ஒழுக்கைச் சுத்தமான துணியால் அழுத்தி நிறுத்துவதே முதல் வேலை. பிறகு சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து, கொதித்து ஆறிய உப்பு நீரால் புண்ணைக் கழுவி, பால் கலக்காத வெளிர் டீயின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்த போவிடோன் அயோடினைத் தடவலாம். மஞ்சளைப் பலரும் நாடுகிறார்கள். சிவப்பை மறைப்பது அதன் கூடுதல் பயன் என்றாலும், கெட்டியாக அப்பினால் அடியில் புழு வைத்திருப்பது தெரியாமல் போகும். காப்பித்தூளும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெயை ஈ அண்டாமலிருக்கப் புண்ணின் ஓரத்தில் மட்டும் பூசுவது போதும். ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு நெளியத் தொடங்கும் என்பதால், புண்ணையும், வால் இறகை விலக்கி அதன் அடியையும் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

இறக்கையின் மேலெலும்பு உள்ளீடற்று, நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகளுடன் தொடர்புடையது. ஆதலால் அவ்விடத்து ஆழ்ந்த காயத்திலும், உடலைத் துளைத்த காயத்திலும் நீரைப் பீச்சினால் அது மூச்சுப் பாதைக்குள் புகுந்துவிடலாம். இவை கால்நடை மருந்தகத்துக்கு உரியவை. கோழியின் சீழும் மனிதச் சீழைப் போல ஒழுகாமல் பாலாடைக்கட்டி போல் இறுகுவதால், கைவிரலால் பிதுக்குவதில் வலியைத் தவிரப் பயனில்லை. மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், அவர் குறிக்கும் நாள் வரை முட்டையைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. தண்ணீரை வாயில் ஊற்றுவதும் ஆபத்தே. மூச்சுத் துளை நாக்கின் அடியை ஒட்டியே இருப்பதால், கிண்ணத்தை அலகருகே வைத்து, அதுவாகக் குடிக்க விடுவதே சரி. ஊறவைத்த கம்பு, நொய், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை ஆகியவற்றை அது தானாகக் கொத்தத் தொடங்குவது தேறுவதன் தெளிவான அறிகுறி.

தோல் மூடிச் சிவப்பு மறைந்தபின் திருப்பி விடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. விட்டதும் ஒரு கோழி மட்டும் துரத்தித் துரத்திக் கொத்தினால், தேறிய கோழியை மறுபடி அடைக்காமல், கொத்துகிற அந்தப் பெட்டையை இரண்டொரு நாள் பஞ்சாரத்தில் கவிழ்க்கலாம். அது வெளியே வரும்போது, தன் இடத்துக்காக அதுவே புதிதாய் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.