ஆடையசைவும் கணிப்பொறியும்

மாணவர் விடுதியின் பின்புறத்தே கொடியில் உலரும் வேட்டி காற்றில் அலைவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்; கண்டும் காணாதவர் போற் கடந்து செல்கின்றோம். எளிதினும் எளிதாகத் தோன்றும் அவ்வசைவைக் கணிப்பொறித் திரையில் மெய்போலத் தோற்றுவித்தற்கு வல்லுநர் பலர் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. திரைப்படம் வெறும் கண்கட்டு வித்தை, அதன்கண் ஆராய்தற்கு யாதுளது என்று யாம் இருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ‘ஜெரிஸ் கேம்’ என்னும் சிறு படம். அமெரிக்க நாட்டுப் பிக்ஸார் நிறுவனத்தார் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட அப்படத்தில், முதியவர் ஒருவர் பூங்காவில் இருபுறமும் தாமே மாறி மாறி அமர்ந்து சதுரங்கம் ஆடுகின்றார். அவர் அசையுந்தோறும் மேற்சட்டையில் மடிப்புகள் எழுந்து மறைகின்றன. அவற்றை ஓவியர் ஒவ்வொன்றாக வரைந்தனர் என்றே யாம் முதலில் நம்பினோம். உண்மை வேறென அறிந்தபின், அறிந்ததை எம்மைப் போன்ற கலை மாணவரும் உணருமாறு ஈண்டுச் சுருங்கக் கூற முற்பட்டோம்.

முதற்கண் துணியின் இயல்பை நோக்குவோம். நெய்த துணி பாவும் ஊடையும் ஆகிய இருவகை நூல்களால் ஆயது. கைக்குட்டை ஒன்றைப் பாவின் வழியே பற்றி இழுத்தால் அது நீளாது எதிர்க்கும். ஊடையின் வழியே இழுப்பினும் அவ்வாறே. மூலைவாட்டமாக இழுத்தால் சிறிது இடங்கொடுத்துச் சரியும். மடிக்கப் புகுந்தாலோ விரல் நுனிக்கும் பணிந்துவிடும். நீளுதற்கு வன்மையும் மடிதற்கு மென்மையும் ஒருங்கே உடைமையே துணியின் தனித்தன்மையாம். நீளுதலும் எளிதாயின் அது ரப்பர்த் தகடாகத் தோன்றும். மடிதலும் அரிதாயின் அட்டையாகத் தோன்றும். பிறந்த நாள் தொட்டு ஆடை உடுத்துவரும் மனிதர் கண்ணுக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆதலின் பிழை சிறிதாயினும் அஃது உடனே புலப்பட்டுவிடும்.

1986 ஆம் ஆண்டில் ஜெரி வைல் என்பார், சில இடங்களிற் பிணித்துத் தொங்கவிட்ட துணியின் வடிவத்தைக் கணிப்பொறியில் அமைத்துக் காட்டினார். தொங்கும் சங்கிலி எவ்வளைவைக் கொள்ளுமோ அவ்வளைவே அவருக்குக் கருவியாயிற்று. அவ்வளைவின் கணக்கை ஐரோப்பியக் கணிதர் 1691 இலேயே விடுத்திருந்தனர். ஆயினும் இம்முறை அசையாது தொங்கும் துணிக்கே பொருந்தும்; வீசும் காற்றுக்கும் நடக்கும் காலுக்கும் ஈடுகொடாது. அடுத்த ஆண்டில் டெர்சோபூலஸ், பிளாட், பார், ஃபிளைஷர் என்னும் நால்வர் வேறு வழி கண்டனர். நெகிழும் பொருள்களின் விசை விதிகளைக் கணிப்பொறிக்கு அளித்து, வடிவமும் அசைவும் அவ்விதிகளினின்று தாமே பிறக்குமாறு செய்தனர். மடிப்பை வரைதலை விடுத்து, மடிப்புப் பிறத்தற்குரிய விதியை அமைக்கும் நெறி இதனால் உறுதிபெற்றது.

அவ்விதியை அமைக்கும் முறைகளுள் எளிதில் விளங்குவது, 1995 இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் புரோவோ கையாண்ட துகளும் சுருள்வில்லும் கொண்ட முறையாகும். துணியை ஒரு வலையாகக் கருதுக. வலையின் முடிச்சுதோறும் சிறு எடையுள்ள ஒரு துகள் உளது. அடுத்தடுத்த துகள்களை இணைக்கும் சுருள்வில்கள் பாவும் ஊடையும் போல நீட்சியைத் தடுக்கின்றன. மூலைவாட்டமாக இணைப்பவை சரிவைத் தடுக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்றை இணைப்பவை மடிதலைச் சிறிதளவு தடுக்கின்றன. வரிசைக்கு 50 ஆக 50 வரிசையில் 2,500 துகள்களை அமைத்தால், முதல் வகையில் 4,900, இரண்டாம் வகையில் 4,802, மூன்றாம் வகையில் 4,800, ஆக 14,502 சுருள்வில்கள் வேண்டும். ஒவ்வொரு துகளின்மீதும் இவை செலுத்தும் விசையையும், புவியின் ஈர்ப்பையும், காற்றின் தாக்குதலையும் கூட்டி, நியூட்டன் விதிப்படி அத்துகள் அடுத்த நொடிப்பகுதியில் எங்குச் செல்லும் எனக் கணிப்பொறி கணக்கிடுகின்றது. இவ்வாறு சிறு சிறு படிகளாகக் காலத்தைக் கடத்தி, விநாடிக்கு 24 படங்கள் என்னும் திரைப்பட அளவுக்கு வேண்டுவன பெறப்படும்.

இனித்தான் இடர் எழுகின்றது. துணி நீளலாகாது எனின் சுருள்வில்கள் மிக வலியனவாதல் வேண்டும். வலிய சுருள்வில்லோடு பெரிய படி வைத்தால் கணக்குச் சிதறிவிடும். எளிமை கருதி ஒரு துகளை மட்டும் கொள்வோம். அது தன் நிலையினின்று 1 அங்குலம் விலகி நிற்கின்றது. ஒரு படிக்குள் சுருள்வில் அதனை விலக்கத்தின் 3 மடங்கு பின்னிழுக்கும் என்க. படியின் தொடக்கத்து விலக்கத்தைக் கொண்டு கணக்கிட்டால், துகள் தன் நிலையையும் கடந்து மறுபுறத்தே 2 அங்குலத்திற் சென்று நிற்கும். அடுத்த படியில் இப்புறம் 4; பின்னர் அப்புறம் 8. திரையிலுள்ள சட்டை நொடிப்பொழுதில் வெடித்துப் பறந்ததுபோல் தோன்றும். படியை மிகச் சிறிதாக்கினால் இஃது ஒழியும். ஆனால் படிகள் பெருகி, வேலை நீண்டுகொண்டே போகும்.

இவ்விடரைக் கடக்கும் வழியொன்றைக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாரஃப், விட்கின் என்னும் இருவர் 1998 இல் துணிக்குப் பொருத்திக் காட்டினர். படியின் இறுதியில் துகள் எங்கு நிற்குமோ அவ்விடத்து விசையைக் கொண்டு கணக்கிடுதலே அவ்வழி. முன் கூறிய துகளுக்கு, இறுதி விலக்கமும் அதன் 3 மடங்கும் சேர்ந்து தொடக்க விலக்கமாகிய 1 அங்குலத்திற்குச் சமமாதல் வேண்டும்; எனவே இறுதி விலக்கம் கால் அங்குலம். அடுத்த படியில் அது வீசமாகும். கணக்குச் சிதறாது அடங்குதல் காண்க. ஆயின் இறுதி நிலையை இன்னும் அறியாமையால், 2,500 துகள்களின் நீள அகல உயரங்களாகிய 7,500 எண்களையும் ஒருங்கே விடுத்தறிதல் வேண்டும். ஒவ்வொரு துகளும் தன் அண்டையிலுள்ள சிலவற்றோடு மட்டுமே பிணைந்திருத்தலால் அவ்வேலை கைகூடுகின்றது. அதற்குக் கொடுக்கும் விலையும் ஒன்றுண்டு: படி பெரிதாக ஆக, துணியின் துள்ளல் சிறிது மங்கிவிடும்.

மற்றோர் இடர் மோதலைப் பற்றியது. துணி உடலினுள்ளும் புகலாகாது; தன்னைத் தானே ஊடுருவவும் ஆகாது. 2,500 துகள்களை இரண்டிரண்டாக ஒப்பிடப் புகுந்தால் படிதோறும் 31 லட்சத்திற்கு மேற்பட்ட ஒப்பீடுகள் வேண்டும். ஆதலால் துணியின் பகுதிகளைக் கற்பனைப் பெட்டிகளில் அடக்கி, பெட்டிகள் தம்முள் தொடாவிடின் உள்ளிருப்பனவற்றை நோக்காது விடுவர். துணி ஒருகாலும் ஊடுருவாதபடி காக்கும் முறையைப் பிரிட்சன், ஃபெட்கிவ், ஆண்டர்சன் என்போர் 2002 இல் வகுத்தனர்.

ஆயினும் இயங்குபடத் தொழிலில் ஒரு சிக்கல் எஞ்சிற்று. பாத்திரங்களின் கையை அசைப்போர், அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் தசை தசையினுள் புகுந்துவிடுதலைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பார்ப்போர் கண்ணுக்கு அது தெரியாதன்றோ! இடையிற் சிக்கிய துணியோ, ஒருபுறத்தினின்று விலகினால் மறுபுறத்தினுள் புகும். அதற்கு நேரிய நிலை என்பதே இல்லை. உடல் பொய் சொல்லுமிடத்துத் துணி மெய் சொல்லல் இயலாது. பிக்ஸாரிற் பணிபுரிந்த பாரஃப், விட்கின், காஸ் ஆகிய மூவர் 2003 இல் இதற்கு ஓர் உபாயம் கூறினர். சிக்கியபோது துணியை வற்புறுத்தாது விட்டு, விடுபட்டபின் எப்பகுதி எதனை ஊடுருவி நிற்கின்றது என ஆராய்ந்து பிரித்தெடுத்தலே அது. மெய்போன்ற துணியைத் திரைக்கு அளித்த இம்மூவரின் தொண்டினை 2006 இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் தம் அறிவியல் தொழில்நுட்ப விருதால் சிறப்பித்தனர்.

அன்பர்காள்! முதியவர் சட்டையின் மடிப்புகளை மீண்டும் கண்டபோது, அவற்றுள் எதனையும் ஒருவர் தம் விருப்பப்படி இட்டதாக எமக்குத் தோன்றவில்லை. கையின் அசைவும் நூலின் வன்மையும் நிலத்தின் ஈர்ப்பும் கூடிப் பெற்ற பிள்ளைகள் அவை. கண்கட்டு வித்தை என்று யாம் இகழ்ந்த ஒன்று, துணியைப் பற்றிய உண்மையைப் பிறழாது பற்றி நின்றமையாலேயே கண்ணைக் கவர்ந்தது. கணக்கு எமக்குரியதன்று என ஒதுங்கியிருந்த எமக்கு, ஒரு சட்டையின் முழங்கையே அதன் வாயிலைத் திறந்துவிட்டது. கொடியில் உலரும் வேட்டியைக் கடக்குங்கால் யாம் இப்போது சிறிது நின்று நோக்கியே செல்கின்றோம்.