சுமையோடு எழும் வானூர்தி

பயிருக்கு மருந்தோ உரமோ தூவும் வானூர்தி விபத்துக்குள்ளானது என்று கேட்டால், மின்கம்பியில் மோதியிருக்கும் என்றே பலரும் எண்ணுவர். அவ்வாறு நிகழ்வதும் உண்டு. ஆயினும், தரையை விட்டு எழும் சில நொடிகளும் பேரிடர் மிகுந்தவையே. தொட்டி முழுவதும் நிறைந்திருப்பது அப்போதுதான்.

நியூசிலாந்து நாட்டின் மலைச்சரிவுகளில் ஆடுகள் மேயும் புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. அம்மண்ணில் பாஸ்பரஸ் சத்துக் குறைவு. செங்குத்தான சரிவில் வண்டி கொண்டு உரமிடுதல் அரிது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், பயிற்சிக்குப் பயன்பட்ட டைகர் மாத் என்னும் சிறு வானூர்திகளின் முன்னிருக்கையை அகற்றி, அவ்விடத்தில் உரத்தொட்டியைப் பொருத்தினர். 1949 முதல் சூப்பர் பாஸ்பேட் உரத்தை வானிலிருந்து தூவுதல் அங்கு ஒரு தொழிலாயிற்று.

அங்குள்ள ஓடுதளங்கள் பல, குன்றின் முதுகில் ஒதுக்கப்பட்ட புல்தரைகளே. ஊர்தி மேட்டை நோக்கி வந்து இறங்கும். உரத்தை ஏற்றிக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடி எழும். தூவி முடித்துச் சில நிமிடங்களில் மீண்டும் வந்து நிற்கும். நாள் முழுவதும் இவ்வாறே. இறக்கம் வேகத்தைக் கூட்டித் தருகிறது. ஆனால் பாதித் தொலைவு கடந்தபின் நிறுத்த நினைத்தால், அதே இறக்கம் நிற்க விடுவதில்லை.

சிறு வானூர்திகளுக்குப் பொதுக்கணக்கு ஒன்றுண்டு. எடை 10 விழுக்காடு கூடினால், எழுவதற்குத் தேவையான தொலைவு ஏறத்தாழ 20 விழுக்காடு நீளும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்றின் அடர்த்தி குறைந்து, அத்தொலைவு 10 விழுக்காடு நீளும். ஈரப்புல் 30 விழுக்காடு நீட்டும். தனித்தனியே பார்த்தால் சிறிய எண்கள்தாம். ஆனால் இவை கூட்டப்படுவன அல்ல, பெருக்கப்படுவன. காய்ந்த கெட்டித்தரையில் 300 மீட்டர் போதுமான ஊர்திக்கு, இம்மூன்றும் சேர்ந்த நாளில் 500 மீட்டருக்கு மேல் தேவைப்படும். ஓடுதளமோ நீள்வதில்லை.

அந்நிலையில் விமானியின் கையிலுள்ள ஒரே துணை ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் தொட்டியின் அடிக்கதவு திறந்து உரம் கொட்டிவிடும். தொட்டி கொள்ளும் சுமையில் 80 விழுக்காட்டையேனும் 5 நொடிக்குள் கொட்ட இயலவேண்டும் என்பது நியூசிலாந்தின் விதி. சுமை நீங்கியதும் ஊர்தி துள்ளி மேலெழும். மூக்கு மிகையாக உயர்ந்துவிடாமல் விமானி அடக்கிப் பிடிக்க வேண்டும். ஓடத் தொடங்கும் முன்பே வேலிக்கம்பம் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, அங்குவரை சக்கரம் தரையை விடாவிட்டால் கொட்டிவிடுவது என்று முடிவு செய்துகொள்ளுதல் நன்று. கொட்டுவது உழவர் பணம் கொடுத்து வாங்கிய உரம். ஆதலால் கை சற்றே தயங்கும். அத்தயக்கத்துக்கு ஓடுதளத்தில் இடமில்லை.

நெம்புகோலை இழுத்தும் உரம் விழாமற்போவதுண்டு. ஈரம் ஏறிய உரமும் நுண்ணிய சுண்ணாம்புத்தூளும் இறுகித் தொட்டிக்குள் பாலம்போல் கட்டிக்கொள்ளும். கதவு திறந்தே கிடக்கும், சுமை இறங்காது. எனவே உரக்குவியலை மழைபடாமல் மூடி வைப்பதும் விமானியின் உயிர் காக்கும் வேலையே.

எல்லாம் தவறினால் என் செய்வது? முன்னாளில் வேறு பணிக்கென அமைந்த ஊர்திகளையே மாற்றிப் பயன்படுத்தினர். அவற்றுள் சிலவற்றில் சுமை விமானிக்குப் பின்னால் இருந்தது. மோதும்போது ஊர்தி நின்றுவிடும். சுமை நிற்காது, முன்னோக்கிப் பாயும். அமெரிக்கப் பொறியாளர் பிரெட் வெய்க் உழவுப் பணிக்கென்றே வடிவமைத்த ஏஜி-1 என்னும் ஊர்தி 1950இல் பறந்தது. அதில் தொட்டி முன்னே. விமானி அதன் பின்னே, உயரத்தில். மோதினால் முன்பகுதிகள் முதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1972இல் முதன்முதலாகப் பறந்த 'பஸந்த்' என்னும் உழவு வானூர்தியிலும் தொட்டிக்குப் பின்னால்தான் விமானியின் இருக்கை அமைந்தது.