எண்பதுக்கு மேல் ஏன் இழுக்கிறது?

செங்கல்பட்டு ஆலையில் உருவாகும் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 மின்சார எஸ்யூவியின் பேட்டரி 66.4 யூனிட் பிடிக்கும். விரைவு சார்ஜரில் மளமளவென்று ஏறும் மின்சாரம், 80 சதவீதத்துக்கு மேல் ஏன் நத்தையாகிறது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். காலை எட்டு மணிக்குத் திருப்பாச்சூரில் கூட்டம் நிரம்பி நிற்கும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கித் தள்ளினால் சிலர் படியில் தொங்குவார்கள். அயனிகளும் அப்படியே, உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே உலோகப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அவற்றில் ஒரு பங்கு திரும்ப வேலைக்கு வராது; பேட்டரியின் கொள்ளளவு குறையும். அதனால்தான் கார் தானே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது.

வீட்டில் மெதுவாக ஏற்றினால் போதுமா என்பார்கள். ஒரு நாளில் போய்வர 100 கிலோமீட்டர் என்றே வைத்தாலும், ஏறக்குறைய 20 யூனிட் போதும். 7 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணி நேரம், தூக்கத்திலேயே முடிந்துவிடும். நெடும்பயணத்துக்கு விரைவு சார்ஜர் வேண்டியதுதான். அங்கும் 80-இல் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கே நேரம் மிச்சம்.