குலுங்காமல் போகும் குதிரை... இந்த நடை பிறவியிலேயே வருவதா?

குதிரையில் ஏறியிருக்கிறீர்களா? புக்கிட் தீமா பக்கம் ஒரு வகுப்பாக இருக்கலாம், விடுமுறைக்குப் போன ஊரில் அரை மணி நேரச் சவாரியாக இருக்கலாம். குதிரை மெதுவாக நடக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் தொடங்கும் பாருங்கள் ஒரு குலுக்கல்! மேலே தூக்கிப் போடும், கீழே இறக்கும். மறுநாள் நாற்காலியில் உட்காரவே யோசிப்பீர்கள்.

எல்லாக் குதிரைகளும் அப்படிக் குலுக்குவதில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓர் இனம் இருக்கிறது. அது வேகமாகப் போகும்போதும் கையில் உள்ள காப்பி சிந்தாது என்று அங்குள்ளவர்கள் பெருமை பேசுவார்கள். பெயர் டென்னசி வாக்கிங் ஹார்ஸ், அதாவது 'நடக்கும் குதிரை'.

எந்தக் குதிரைதான் நடக்காது என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். ஆனால் இது நடக்கும் விதமே வேறு. அந்த நடைதான் இதற்குப் புகழைக் கொடுத்தது. பெரிய வேதனையைக் கொடுத்ததும் அதே நடைதான்.

தகதிமி நடை

மேசையில் தட்டிப் பாருங்கள், சட்டென்று புரியும்.

முதலில் இரண்டு கைகளையும் ஒன்றாகத் தட்டுங்கள். இடைவெளி விட்டு மறுபடி தட்டுங்கள். தக்... தக்... இதுதான் பெரும்பாலான குதிரைகள் வேகம் எடுக்கும்போது போகும் 'டிராட்' நடை. வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாகத் தரையைத் தொடும். அடுத்து மற்ற ஜோடி. இரண்டு ஜோடிகளுக்கும் நடுவே ஒரு கணம் நான்கு கால்களும் காற்றில் இருக்கும். அப்படியென்றால் அவ்வளவு பெரிய உடம்பு ஒவ்வோர் அடிக்கும் எழும்பி விழுகிறது, அதோடு சேர்ந்து நீங்களும்தான். சவாரி வகுப்புகளில் ஒவ்வோர் அடிக்கும் எழுந்து உட்காரச் சொல்லிக் கொடுப்பது அதனால்தான்.

இப்போது நான்கு விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராகத் தட்டுங்கள். த-க-தி-மி, த-க-தி-மி. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். ஒவ்வொரு காலும் தனித்தனியாக இறங்குகிறது. எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருப்பதால் உடம்பு விழுவதே இல்லை. விழாத உடம்பு குலுக்காது, அவ்வளவுதான்.

எல்லாக் குதிரைகளும் சாதாரணமாக நடக்கும்போது இதே வரிசையில்தான் கால் வைக்கின்றன. ஆனால் வேகம் கூடியதும் மற்றவை 'கியர்' மாற்றி டிராட்டுக்குப் போய்விடும். டென்னசிக் குதிரை அப்படி மாறாது, நடந்துகொண்டேதான் வேகம் எடுக்கும். அதற்குப் பெயர் 'ரன்னிங் வாக்'. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். பின்கால் முன்கால் பதிந்த தடத்தைத் தாண்டி 15 முதல் 45 சென்டிமீட்டர் வரை முன்னே விழும். ஒவ்வோர் அடிக்கும் தலை மேலும் கீழும் ஆடும், நாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவோமே, அதே மாதிரி. சில குதிரைகளுக்குக் காதும் சேர்ந்து ஆடும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

யாருக்காக உருவானது?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரிய தோட்டங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றிவர நாள் முழுக்கச் சேணத்தில் உட்கார வேண்டும். கிராமத்து மருத்துவர்களும் ஊர் ஊராகப் போன போதகர்களும் இத்தகைய குதிரைகளைத்தான் விரும்பினார்கள். இந்த இனத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அடிமைகள். முதலாளியும் கண்காணியும் களைப்பில்லாமல் அவர்களை மேற்பார்வையிட இந்தச் சொகுசு நடை உதவியது. அதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனத்தின் மூலக் குதிரையின் கதை சுவாரஸ்யமானது. 1886ஆம் ஆண்டு பிறந்த கறுப்பு ஆண் குதிரை, பெயர் ஆலன். டிராட் பந்தயத்துக்காக அதை வளர்த்தார்கள். ஆனால் அது டிராட் போக மறுத்தது. ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வைக்கும் 'பேஸ்' என்ற நடைதான் அதற்கு வந்தது. பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று கை மாறிக் கை மாறிப் போனது. 1903ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிராண்ட்லி என்ற டென்னசி வளர்ப்பாளர் அதை வாங்கினார். அதன் குட்டிகள் அந்த ஊர்ப் பெண் குதிரைகளின் மென்மையான நடையையும் தகப்பனின் சாதுவான குணத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தன. பின்னாளில் 1935இல் இனப் பதிவுச் சங்கம் தொடங்கியபோது, ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத அந்தக் குதிரைக்கு மூலக் குதிரைகளின் பட்டியலில் முதல் எண் கிடைத்தது.

சரி, இது பயிற்சியா பிறப்பா?

பதில் 2012இல் சுவீடனிலிருந்து வந்தது. ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்த உப்சாலா பல்கலைக்கழகக் குழு, டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது. ஐஸ்லாந்துக் குதிரைகளுக்கும் 'டோல்ட்' என்ற குலுங்காத நடை உண்டு. இந்த மரபணு வேலை செய்யும் இடம் முதுகுத் தண்டு. எந்தக் காலோடு எந்தக் கால் சேர்ந்து அசைய வேண்டும் என்று கட்டளையிடும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. மரபணு மாறினால் அந்தக் கட்டளை கொஞ்சம் தளர்கிறது. டிராட்டின் ஜோடிக் கட்டு அவிழ்ந்து, கால்கள் தனித்தனியாகப் போக முடிகிறது.

டென்னசிக் குதிரைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இந்த மாற்றம் இருக்கிறது, அதுவும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரட்டைப் பிரதியாக. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் வரை ஓடிய தோரோபிரெட் குதிரைகளை நினைத்துப் பாருங்கள். அந்த இனத்தில் இந்த மாற்றம் கிடையாது. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ரன்னிங் வாக் வராது.

"அப்படின்னா டிஎன்ஏ பரிசோதனை செய்தால் போதுமே, நல்ல குட்டி கிடைத்துவிடுமே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். எல்லாக் குதிரைகளிடமும் அந்த மரபணு இருந்தால், அதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது? மரபணு கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். சில குதிரைகள் பேஸ் பக்கம் சாய்ந்து, படகு மாதிரி இடமும் வலமும் ஆட்டும். சில டிராட் பக்கம் சாயும். நடுவில் சரியாக நான்கு தாளம் வைப்பது உடல்வாகையும் மற்ற மரபணுக்களையும் பொறுத்தது. அதனால் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இன்னமும் கண்ணையும் காதையும்தான் நம்புகிறார்கள். பேஸ் பக்கம் சாயும் பெண் குதிரைக்கு, அதற்கு நேரெதிராகச் சாயும் ஆண் குதிரையைப் பார்த்துச் சேர்ப்பார்கள்.

குணமும் முக்கியம். குட்டி வயிற்றில் இருப்பது சுமார் 11 மாதம். பிறந்த பிறகு மனிதர்களைக் கண்டால் பயப்படுவதா வேண்டாமா என்பதை அது தாயைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. முரட்டுத் தாயிடம் சாதுக் குட்டியை எதிர்பார்ப்பது கஷ்டம். நல்ல பரம்பரையாக இருந்தால், பிறந்த சில நாள்களிலேயே குட்டி தாயின் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு அந்த நடையில் போவதைப் பார்க்கலாம். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஏறி உட்கார்ந்தால்...

எழுந்து உட்காரும் வேலை இல்லை. முதுகை நேராக வைத்து, இடுப்பைத் தளர்த்தி, சும்மா உட்கார்ந்தால் போதும். முதுகுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் இந்த இனத்தைத் தேடிப் போவது இதற்குத்தான். புதிதாக ஏறுபவர்கள் செய்யும் தவறு, கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பது. தலையாட்டல் அந்த நடையின் ஒரு பகுதி. தலையைக் கட்டிப்போட்டால் தாளமும் தடுமாறும்.

பயிற்சியும் அவசரமில்லாத வேலைதான். முதலில் மெதுவான நடையில் பல மாதம். தாளம் சீரான பிறகே வேகம். பேஸ் பக்கம் சாயும் குதிரையைத் தரையில் பரப்பிய கட்டைகளைத் தாண்டி நடக்கவிடுவார்கள். ஒவ்வொரு காலையும் தனியாகத் தூக்க வேண்டியிருப்பதால் ஜோடி பிரியும்.

அழகு என்ற பெயரில் வலி

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதி.

1939ஆம் ஆண்டிலிருந்து டென்னசியின் ஷெல்பிவில் நகரில் இந்தக் குதிரைகளுக்கு ஆண்டுதோறும் பெரிய போட்டி நடக்கிறது. 1950களில் பார்வையாளர்களுக்கு இயல்பான நடை சலித்துப்போனது போலும். முன்காலை நெஞ்சு உயரத்துக்கு வீசும் குதிரைக்குக் கைதட்டல் கூடியது. அந்தப் பாணிக்கு 'பிக் லிக்' என்று பெயர். இயல்பாக எந்தக் குதிரையும் அப்படிக் கால் தூக்காது. அதனால் சிலர் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்.

குளம்புக்கு மேலே உள்ள மென்மையான தோலில் கடுகு எண்ணெய், மண்ணெண்ணெய் போன்ற எரிச்சலூட்டும் பொருள்களைத் தடவுவார்கள். பிளாஸ்டிக் சுற்றி ஊறவிடுவார்கள். பிறகு அதே இடத்தில் சங்கிலி மாட்டுவார்கள். கால் தரையில் பட்டதும் சங்கிலி புண்ணில் இடிக்கும், வலி தாங்காமல் குதிரை காலை உயரத் தூக்கும். கூட்டம் அதை அழகு என்று நினைத்துக் கைதட்டும். ஆங்கிலத்தில் இதை 'சோரிங்' என்கிறார்கள். சாதுவான இனம் என்பதே இங்கே அதற்கு எதிரியானது. இன்னொரு குதிரையாக இருந்தால் உதைத்திருக்கும்.

1970ஆம் ஆண்டிலேயே இதைத் தடுக்க அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் போட்டித் துறையே நியமிக்கும் பரிசோதகர்கள் சோதனை செய்யலாம் என்று பின்னர் வழிவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளையின் தேர்வுத்தாளை நாமே திருத்துவது மாதிரி! 2006இல் அரசாங்கப் பரிசோதகர்கள் பல குதிரைகளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு ஷெல்பிவில் போட்டியில் உயரிய பட்டம் யாருக்கும் வழங்கப்படவில்லை. சங்கிலியையும் தடித்த குளம்பு அடுக்குகளையும் முழுமையாகத் தடைசெய்யும் மசோதா, பிரதிநிதிகள் சபையில் 2019இலும் 2022இலும் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை. 2024இல் வேளாண்துறை கடுமையான விதிகளை அறிவித்தது. 2025 தொடக்கத்தில் டெக்சஸ் கூட்டரசு நீதிமன்றம் அவற்றின் முக்கியப் பகுதிகளை ரத்துசெய்தது.

எல்லா வளர்ப்பாளர்களும் இப்படி இல்லை. சாதாரண லாடத்தோடு அல்லது லாடமே இல்லாமல் குதிரைகளைக் காட்டும் போட்டிகளும் நடக்கின்றன. காட்டுப்பாதைச் சவாரிக்கு மட்டுமே வளர்ப்பவர்கள் ஏராளம்.

வீடியோவில் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கைத்தொலைபேசியில் இந்தக் குதிரைகளின் காணொளி வந்தால் முதலில் பாதத்தைப் பாருங்கள். குளம்புக்குக் கீழே உயரமான காலணி மாதிரி அடுக்கு இருக்கிறதா? கணுக்காலில் சங்கிலி தெரிகிறதா? பின்பக்கம் குந்தி உட்காரப் போவதுபோல் தாழ்ந்து, முன்கால் மட்டும் வானத்தைத் தொடுகிறதா? அது பிக் லிக். உடம்பு சமமாக, தலை நிதானமாக ஆட, பின்கால் நீளமாக வந்து விழுந்தால் அது உண்மையான ரன்னிங் வாக். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், தகதிமி காதில் விழும்.

ஏறிப் பார்க்க ஆசையா? டென்னசி தூரம் என்றால் ஐஸ்லாந்தில் டோல்ட் நடைச் சவாரி சுற்றுப்பயணிகளுக்கு எளிதாகக் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும்: ஏற்கனவே பயன்படுத்திய சேணம், கடிவாளம், தோல் கையுறை எதையும் அங்கே கொண்டுபோக முடியாது. நோய் நுழைந்துவிடக்கூடாது என்பதில் அந்நாடு அவ்வளவு கறார். அங்கிருந்து ஒருமுறை வெளியேறிய ஐஸ்லாந்துக் குதிரைகூடத் திரும்பி வர அனுமதி கிடையாது.