சென்னையில் முதியோருக்கு ஓர் இல்லம் தேடும்போது



"நாளைக் காலையில் டிஸ்சார்ஜ்" என்று ஆஸ்பத்திரியில் சாயங்காலம் சொல்லிவிடுவார்கள். பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துபோன தகப்பனார். வேலைக்குப் போகும் மகளும் மருமகனும். லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாவது மாடி. அன்று இரவே நாலைந்து இடங்களுக்கு டெலிபோன் செய்து, "இடம் இருக்கிறது, அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று முதலில் சொன்ன இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நமது குடும்பங்களில் அநேகருக்கு நேருகிற காரியம் இது. ஆகையால் அவசரம் வருமுன்னே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, பெயரில் உள்ள குழப்பம். சென்னையில் "நர்சிங் ஹோம்" என்று போர்டு மாட்டியிருந்தால் பெரும்பாலும் அது பிரசவமும் ஆபரேஷனும் நடக்கும் சிறிய தனியார் மருத்துவமனைதான். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறவேண்டியது அது. அங்கே மாதக்கணக்கில் ஒருவரை வைத்துப் பராமரிக்க இயலாது, பில்லும் தாங்காது. "முதியோர் இல்லம்" என்பது வேறு. அவைகளில் பல, தானாக எழுந்து நடந்து, குளித்து, சாப்பிடக்கூடியவர்களை மாத்திரமே சேர்த்துக்கொள்ளும். படுக்கையில் இருப்பவருக்கு வேண்டியது மூன்றாவது வகை: நர்ஸும் உதவியாளரும் இரவும் பகலும் இருக்கிற பராமரிப்பு இல்லம். இப்பொழுது இவருக்கு எது தேவை, நாளை நிலைமை மோசமானால் இதே இடத்தில் வைத்துக்கொள்வார்களா என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள். "முடியாது" என்றால், வேறு இடம் தேட எத்தனை நாள் தருவார்கள் என்றும் கேளுங்கள்.

சில சமயம் இல்லமே தேவைப்படாமல் போகலாம். கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனை. அது தங்கும் இல்லமல்ல. ஆனால் முதியோர் நல மருத்துவர்கள் ஒருமுறை பார்த்து, பிசியோதெரபி செய்தால் இவர் நடப்பாரா, குழப்பமான பேச்சு மறதிநோயா அல்லது மாத்திரைகளின் விளைவா என்று சொன்னால், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள். அப்பொழுது தரை துடைத்திருக்கும், எல்லாரும் குளித்து, தலைவாரி உட்கார்ந்திருப்பார்கள். வரவேற்பறையில் மீன்தொட்டியும் இருக்கும். ஆனால் முதியவருக்குக் கஷ்டம் வருவது இரவிலேதான். ஆகவே முன்னறிவிப்பில்லாமல் இரவு எட்டு மணிக்குமேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்? நர்ஸ் விழித்திருக்கிறாரா? கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி உண்டா? அதை அழுத்தினால் யாராவது வருகிறார்களா? கட்டிலில் யாருடைய கையாவது கட்டப்பட்டிருந்தால், யார் உத்தரவின்பேரில் என்று தயங்காமல் கேளுங்கள். "இரவில் பார்வையாளருக்கு அனுமதியில்லை" என்று சொல்வதில் நியாயம் இருக்கலாம், மற்றவர்கள் தூங்கவேண்டுமே. ஆயினும் சேர்க்கப்போகும் குடும்பத்தாருக்கு ஒருமுறைகூட அனுமதி மறுக்கிற இடத்தை நாம் விட்டுவிடலாம் என்பதே எங்கள் எண்ணம்.

இரவைப்பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் படுக்கைப் புண். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு உடைந்து, எலும்புவரை போகும். காற்று மெத்தை உதவிசெய்யும். ஆனால் புரட்டும் கைக்கு அது ஈடாகாது. "புரட்டும் நேரத்தை எழுதிவைக்கும் தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மூக்குக்குழாய் வழியாக உணவு பெறுகிறவர் என்றால், கொடுக்கும்போதும் அதற்குப்பின் அரைமணி நேரமும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார்களா என்று பாருங்கள். படுத்தவாக்கில் கொடுத்தால் ஆகாரம் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரக்கூடும்.

உதவியாளர்களின் பாஷையையும் கவனியுங்கள். தூரத்து மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பல இல்லங்களில் உண்மையாய் உழைக்கிறார்கள். ஆனால் காது மந்தமான ஒரு தாயார் நள்ளிரவில் "தண்ணி" என்று கேட்டால் புரிந்துகொள்ள ஒருவராவது அங்கே இருக்கவேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் சென்னையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த வருஷங்களில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறிற்று என்று எதிர்க்கடைக்காரரிடம் விசாரியுங்கள். இல்லத்தார் சொல்வதைவிட அது நம்பகமானது. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, தரைமட்டத்திலா, எத்தனை மணிநேரத்துக்கு டீசல் உண்டு என்பது ஆக்ஸிஜன் கருவியோடு இருப்பவருக்கு உயிர்ப்பிரச்சினை.

பணவிஷயத்தில் மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். டயாபர், மருந்து, டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ் எல்லாம் தனி பில்லாக வருவது சாதாரணம். டெபாசிட் எப்பொழுது, எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். சமூகநலத் துறையின் பதிவுச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். முதியவரின் வீட்டை யார் பெயருக்காவது எழுதிவைக்கும் பேச்சு வந்தால், பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், நிபந்தனையை மீறினால் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567.

கூடுவாஞ்சேரிப் பக்கமும் கேளம்பாக்கம் பக்கமும் மரநிழலோடு நல்ல இல்லங்கள் உண்டு. பெரம்பூரில் இருக்கும் மகளால் மாதத்துக்கு எத்தனை தடவை அங்கே போகமுடியும்? தோட்டமில்லாவிட்டாலும் அரைமணி தூரத்தில் இருப்பதே மேல். அடிக்கடி ஆள் வந்துபோகும் கட்டிலை யாரும் அலட்சியம் செய்யத் துணிவதில்லை. போதகரும் சபையாரும் சந்திக்க வரலாமா, திருவிருந்து கொடுக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்தபின், போகப்போகிறவரிடம் சொல்லாமல் "செக்கப்புக்கு" என்று ஏமாற்றிக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நினைவு தெளிவாயிருந்தால் இரண்டு இடங்களையாவது அவரே பார்த்துச் சொல்லட்டும். நடக்கமுடியாதவருக்குப் போட்டோவாவது காட்டுங்கள். வேண்டாம் என்றால், ஏன் என்று பொறுமையாய்க் கேளுங்கள். சில வேளை காரணம் இல்லமல்ல, அங்கே இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே என்பதுதான்.

சேர்க்கும் நாளில் மாத்திரைச் சீட்டோடு மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுக்கருவி மூன்றிலும் பெயரை ஒட்டி அனுப்புங்கள். முதல் வாரத்திலேயே கைமாறித் தொலைபவை இவைகள்தான்.