செம்புச் சுருளுக்கு ஏற்ற டீசல் எஞ்சின்

மின்கம்பி எட்டாத வெட்டவெளியில் குழாய்களையும் எஃகுச் சட்டங்களையும் பற்றவைப்பதற்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வெல்டிங் செட் தேவைப்படுகிறது. எஞ்சினும் அது சுழற்றும் ஜெனரேட்டரும் ஒரே இரும்புச் சட்டத்தின்மேல் முன்னும் பின்னுமாக அமர்ந்திருக்கும் இவ்வகை இயந்திரங்களுள், அமெரிக்க எண்ணெய்க் குழாய்ப் பணிகளில் பெரும்பெயர் பெற்றது எஸ்ஏ-200 ஆகும். 1895-இல் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்ட லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அந்நாட்டுக் குழாய் வெல்டர்களில் பலர் சொந்த லாரியின் முதுகில் சொந்த இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வேலைக்கு வருபவர்கள். இயந்திரம் அவர்களுடைய முதலீடு என்பதால், அரை நூற்றாண்டைக் கடந்த செட்டுகள்கூடப் பழுது பார்க்கப்பட்டு இன்றும் உழைக்கின்றன. ஜெனரேட்டர் நலமாக இருக்க எஞ்சின் மட்டும் தேய்ந்து ஓய்ந்த செட்டுகளில், வேறொரு வண்டியிலிருந்தோ கருவியிலிருந்தோ மீட்டெடுத்த டீசல் எஞ்சினைப் பொருத்தும் பட்டறை வழக்கம் இந்தச் சூழலில்தான் வேரூன்றியது.

ஜெனரேட்டரைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுவது ஏன் என்பதை அதன் உள்ளமைப்பு விளக்குகிறது. நடுவில் சுழலும் ஆர்மேச்சர் என்னும் உருளையில் தடித்த செம்புச் சுருள்கள் பொதிந்திருக்கின்றன; அவற்றில் பிறக்கும் மின்சாரத்தை, செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர் ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரமாக மாற்ற, அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ்கள் வெளியே எடுத்துத் தருகின்றன. வெல்டிங் ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் ஆர்க், வெல்டரின் கை அசையும்போதெல்லாம் நீண்டும் குறுகியும் மாறுகிறது. அந்த மாற்றத்தால் மின்னோட்டம் திடீரென்று எகிறாமலும் அற்றுப்போகாமலும் தடுப்பது, கனமான சுருள்களுக்கு இயல்பாகவே உள்ள மின்தூண்டல் என்னும் தன்மை. 6010 என்று எண்ணிடப்பட்ட, செல்லுலோஸ் பூச்சுடைய ராடு கொண்டு குழாயின் மேலிருந்து கீழாக முதல் பற்றுவரிசையை இடும்போது ஆர்க் ஆழமாக ஊடுருவவும் வேண்டும், அணையாமலும் இருக்க வேண்டும். இன்றைய மின்னணுக் கருவிகளும் இதைச் செய்கின்றன என்றாலும், மழையிலும் புழுதியிலும் பல பத்தாண்டுகள் கிடந்த பிறகும் பிரஷ்ஷை மாற்றி, கம்யூட்டேட்டரைத் துடைத்தால் மீண்டும் வேலைக்கு வந்துவிடும் பழைய செம்பு ஜெனரேட்டரின் உறுதி அவற்றுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எஸ்ஏ-200 செட்டுகளில் நெடுங்காலம் இருந்தவை கான்டினென்டல் நிறுவனத்தின் எஃப்162, எஃப்163 என்னும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அமைந்த பழைய முறையைச் சேர்ந்த இவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2.65 லிட்டர். உள்ளிழுத்த காற்றை ஆறேழு மடங்கு மட்டுமே அமுக்குவதால் இவை எரிபொருளைத் தாராளமாகக் குடித்தன. சிறிய டீசல் எஞ்சின்கள் காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால் அதே வேலையைக் குறைந்த செலவில் முடிக்கின்றன. பாதுகாப்பும் ஒரு காரணம். பெட்ரோலின் ஆவி உறைநிலைக்கு மிகக் கீழான குளிரிலும் தீப்பிடிக்கக்கூடியது. டீசலோ பொதுவாக 50 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகே அந்நிலையை அடைகிறது. பொறி பறக்கும் தொழிலில் இந்த வேறுபாடு சிறியதன்று. லிங்கன் நிறுவனமே பின்னாளில் எஸ்ஏ-250 என்னும் இயந்திரத்தை மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினுடன் விற்றது என்பதால், இந்த மாற்றம் பட்டறைக்காரர்களின் விபரீத முயற்சி என்று கருதுவதற்கில்லை. பெர்கின்ஸ் எஞ்சின்களை உரிமம் பெற்றுச் சென்னையின் சிம்ப்சன் நிறுவனமும் தயாரித்தது என்பதால், அந்தப் பெயர் தமிழ்நாட்டு டிராக்டர் மெக்கானிக்குகளுக்கும் பழக்கமானதே.

எந்த எஞ்சினைத் தேர்வது என்னும் கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. 200 ஆம்பியரை 40 வோல்ட்டில் தரும் ஜெனரேட்டர் 8 கிலோவாட் மின்திறனை வெளியிடுகிறது. பழைய சுழல் ஜெனரேட்டரின் உராய்விலும் வெப்பத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது என்று கொண்டால், எஞ்சின் தன் தண்டில் 12 அல்லது 13 கிலோவாட் தர வேண்டும். இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குபோட்டா டி1105 என்னும் மூன்று சிலிண்டர் எஞ்சினின் திறன் ஏறத்தாழ 18.5 கிலோவாட் என்று படிப்பவருக்கு அது தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த அளவு நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிடைப்பது. எஸ்ஏ-200 ஜெனரேட்டரோ 1500 சுற்றையொட்டிய வேகத்துக்காகச் செய்யப்பட்டது. பாதி வேகத்தில் எஞ்சினின் திறனும் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், 3.2 மில்லிமீட்டர் ராடுக்கு ஈடுகொடுக்கும் அந்த எஞ்சின், தடித்த ராடைப் பிடித்ததும் திணறிப்போகும். 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இந்த வேகத்தில் தேவையைத் தாண்டியே தருகிறது. அதற்காக மிகப் பெரியதைத் தேடுவதும் தவறு, ஏனெனில் சுமையின்றிக் குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எரிபொருள் கரியாகவும் பிசினாகவும் புகைக்குழாயில் படிந்து, எரிபொருளைப் பீச்சும் நாசிலையும் பிஸ்டன் வளையங்களையும் கெடுக்கிறது.

இந்த 2.2 லிட்டர் எஞ்சின்களுக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல ஊற்று உண்டு. உறைபொருள்களை ஏற்றிச்செல்லும் டிரெய்லர்களின் முகப்பில் தெர்மோ கிங், கேரியர் ஆகிய நிறுவனங்களின் குளிர்சாதனக் கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைச் சுழற்றுவன இசுசு, யன்மார், குபோட்டா வகை டீசல் எஞ்சின்கள். கருவி கழிக்கப்பட்டு, எஞ்சின் காயலான் கடைக்கு வரும்போது அது பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருப்பது சாதாரணம் என்றாலும், நிலையான வேகத்தில் ஓடி, காலத்தில் ஆயில் மாற்றப்பட்டிருந்தால் இன்னும் ஆயுள் மிச்சமிருக்கும். வாங்குபவர் வற்புறுத்த வேண்டிய ஒரே நிபந்தனை, முற்றிலும் ஆறிய நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும் என்பதுதான், ஏனெனில் விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சினில் கம்ப்ரஷன் குறைபாடு வெளியே தெரியாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் விட்டுவிட்டுப் புகை பீறிடுவது, ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதப்பது ஆகியவை வேண்டாம் என்பதற்கான போதிய சான்றுகள்.

பொருத்தும் வேலையில் வேகத்துக்கு அடுத்தபடி கவனம் கோருவது எஞ்சினையும் ஜெனரேட்டரையும் ஒரே நேர்கோட்டில் இணைப்பது. எஞ்சினின் பின்புறத்தில் ஃப்ளைவீலைச் சூழ்ந்திருக்கும் பெல் ஹவுசிங் என்னும் வார்ப்புக்கு எஸ்ஏஇ என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் எண்களிட்டு அளவு வகுத்திருக்கிறது. எண் குறையக் குறைய விட்டம் பெரிதாகும், 5-ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 314 மில்லிமீட்டர், 4-க்கு 362, 3-க்கு 410. குளிர்சாதன எஞ்சினின் ஹவுசிங் கம்ப்ரஸருக்காகச் செய்யப்பட்டது என்பதால் அது ஜெனரேட்டரின் முகப்போடு பொருந்துவது அரிது. தடித்த எஃகுத் தகட்டை லேத்தில் கடைந்து இடைத்தகடு ஒன்றைச் செய்ய நேர்கிறது. இத்தகைய பல ஜெனரேட்டர்களில் ஆர்மேச்சருக்குப் பின்முனையில் மட்டுமே பேரிங் உண்டு. முன்முனையின் எடையை எஞ்சினின் ஃப்ளைவீல்தான் தாங்குகிறது. இடைத்தகட்டின் நடுத்துளை சற்று விலகினாலும், முகம் சற்றுச் சாய்ந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஆர்மேச்சரின் தண்டு வளைந்து நிமிர்ந்து, முடிவில் இணைப்புத் தகடு வெடிக்கும் அல்லது கிராங்க் தண்டின் பின் பேரிங் தேயும். ஆகவே ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பிணைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, முள்ளின் அசைவு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் அடங்கும்வரை திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பொறுமையற்றவர்கள் போல்ட் துளைகளைப் பெரிதாக்கி இறுக்கிவிடுவது உண்டு. செட் சில மணி நேரம் நன்றாகவே ஓடும், பிறகு அதிர்வு தொடங்கும்.

பெட்ரோல் எஞ்சினோடு கூடவந்த சில ஏற்பாடுகளும் மாற வேண்டும். ஆர்க் எரியாதபோது வேகத்தைத் தானே தணிக்கும் ஐட்லர், சில பழைய செட்டுகளில் எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கியது. டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லை, ஆகவே அந்த வெற்றிடமும் இல்லை; வெல்டிங் மின்னோட்டத்தை உணர்ந்து, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் நெம்புகோலை இழுக்கும் சாலினாய்டு என்னும் மின்காந்தம் அதற்கு மாற்றாகிறது. குளிர்சாதன எஞ்சின்கள் இரண்டு வேகங்களில் ஓடுமாறு அமைக்கப்பட்டவை என்பதால் அந்தச் சாலினாய்டு பெரும்பாலும் கையோடு கிடைத்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினை ஸ்பார்க்கை அறுத்து நிறுத்தலாம். டீசலை எரிபொருளை அடைத்துத்தான் நிறுத்த முடியும். தேய்ந்த எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் அந்த அடைப்பும் உதவாது, காற்று நுழையும் வாயை மூடினால்தான் நிற்கும். மீட்டெடுத்த எஞ்சினுக்கு அப்படியொரு மூடி வைப்பது வீண் செலவன்று. நாசில்களில் கசியும் டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு குழாயும் வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கிலேயே அதற்குத் துளையிட நினைப்பவர்கள், பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த டேங்கிலும் வெடிக்கக்கூடிய ஆவி தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. புது டேங்க் வைப்பதே அறிவுடைமை.

எஞ்சின் ஓடத் தொடங்கியும் ஜெனரேட்டரில் மின்சாரம் எழாமல் போவதுண்டு. இரும்புத் துருவங்களில் முந்தைய ஓட்டத்திலிருந்து எஞ்சிய சிறு காந்தத்தன்மையைப் பற்றிக்கொண்டுதான் எக்ஸைட்டர் என்னும் துணை ஜெனரேட்டர் தன் மின்னழுத்தத்தை வளர்க்கிறது. நெடுங்காலம் சும்மா கிடந்த செட்டில் அது மங்கியிருந்தால், 12 வோல்ட் பாட்டரியைச் சரியான துருவ வரிசையில் புலச்சுருளோடு ஒரு நொடி தொட்டு எடுப்பது மெக்கானிக்குகளின் முறை. புது எஞ்சின் எதிர்த்திசையில் சுழல்வதாயிருந்தாலும் மின்னழுத்தம் வளராது என்பதால், சுழல்திசையை வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியில் வருவது கவர்னரை அமைக்கும் வேலை. வேகம் குறைந்தால் மின்னழுத்தம் குறைந்து ஆர்க் ஒட்டிக்கொள்ளும். வேகம் கூடினால் ஆர்மேச்சரின் சுருள்களை வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. 1500-இலிருந்து 1800 சுற்றுக்கு உயர்த்தினால் அவ்விசை 1.44 மடங்கு, டீசல் எஞ்சின் தன் முழு வேகமான 3000-ஐ எட்டினால் 4 மடங்கு. கட்டுகள் அறுந்து, செம்புக் கம்பிகள் துருவங்களில் உரசிச் சிதறும் ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவில் எஞ்சின்கள் பல வாங்கலாம். ஆகவே தேர்ந்த மெக்கானிக்குகள் பெயர்த்தகட்டில் பொறித்துள்ள சுமையற்ற வேகத்தைச் சுற்றுவேகமானியால் அளந்து வைத்து, பிறகு தடித்த ராடால் தொடர்ந்து பற்றவைத்துச் சுமையில் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்த்து, கவர்னரின் உச்சவேகத் திருகாணியைக் கம்பி கட்டி ஈயமுத்திரையிட்டு விடுகிறார்கள்.