தொட்டிலா, ஸ்டெதாஸ்கோப்பா?

"பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைத்துவிட்டால், அது எப்போது கலியாணம் செய்து, எப்போது பிள்ளை பெறுவது?" லாஸ்பேட்டையில் இப்படிக் கேட்பவர் வைதீகர் அல்லர், பெண்ணுரிமை மேடையில் கைதட்டிய நம் தோழரேதான்! மகன் டாக்டருக்குப் படித்தால் இந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை? நாம் அதைத்தான் கேட்கிறோம்.

கணக்குப் பார்ப்போம். 18 வயதில் மருத்துவக் கல்லூரி. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, 3 ஆண்டு மேற்படிப்பு. முடிக்கும்போது வயது 27. தாயாகும் வயதும் தேர்வெழுதும் வயதும் ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன. இது இயற்கையின் குற்றமா? அன்று! வீட்டில் சோறாக்கிப் போட ஒருத்தி இருக்கிறாள் என்று எண்ணி, ஆணுக்காக வகுத்த வேலை முறையின் குற்றம்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த மணம். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தார். மணமகன் ஒப்பினார். சுயமரியாதை இயக்கம் தோன்றுவதற்கு முன்னரே, தோழர்களே! இரண்டு ஆண் மக்களைப் பெற்ற பிறகு, 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். தாய் டாக்டரானால் பிள்ளை கெட்டுவிடுமாம்! அந்தப் பிள்ளைகளில் ஒருவரான கிருஷ்ணமூர்த்திதான், தாயார் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வளர்த்த அறுவை மருத்துவர்.

ஆனால் எல்லோருக்கும் ஒரு சுந்தர ரெட்டி வாய்ப்பாரா? உரிமை என்ன லாட்டரிச் சீட்டா, விழுந்தவருக்கு மட்டும் விழ? ஆகவேதான் சட்டம் வேண்டும் என்கிறோம். 1961-இன் பேறுகாலச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 2017-இல் முதல் இரு பிள்ளைகளுக்கு அது 26 வாரமாயிற்று. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை சென்று பார்க்கலாம் என்றது அந்தத் திருத்தம். நல்லதுதான். நள்ளிரவு 2 மணிக்குப் பிரசவ அறையில் நிற்கும் டாக்டரம்மாவின் கைக்குழந்தையை அப்போது யார் பார்ப்பது? பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லியது. பல ஊர்களில் அந்த ஆணை கோப்புக்குள் குறட்டை விடுகிறது! தந்தைக்கோ, மத்திய அரசு ஊழியரானால் 15 நாள் விடுப்பு. பிள்ளை வளர்ப்பில் ஆணின் பங்கை இந்த அளவுக்குத்தான் மதித்திருக்கிறார்கள்.

நம் லாஸ்பேட்டைக்கு அருகே, கோரிமேட்டில் ஜிப்மர் நிற்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரன் வைத்த மருத்துவப் பள்ளியின் வழி வந்தது அது. மனைவிக்குப் பேறுகாலம் என்றால், "பெண் டாக்டர் இருக்கிறாரா?" என்று முதலில் கேட்பவர் நம் தொழிலாளத் தோழர். அந்தப் பெண் டாக்டரும் ஒருத்தியின் மகள். அவர் வீட்டிலும் தொட்டில் ஆட வேண்டாமா?

அடுத்த முறை வாக்குக் கேட்டு லாஸ்பேட்டைக்கு வருபவர் எவராயினும், நம் கட்சிக்காரரே ஆயினும், இதைக் கேளுங்கள்: அரசு மருத்துவமனைகளில் இரவிலும் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் எப்போது வரும்? தேதி சொல்லச் சொல்லுங்கள்.